ஜாவா பைட்கோட் பிராசசர்: ஸ்டோர் பண்ணதும் லோட் பண்ணா 0 வருது, அவசரம்

புதுகேட்: வெரிலாக்ல (ஹார்ட்வேர் டிசைன் எழுதுற மொழி) ஜாவா பைட்கோடை (ஜாவா கம்பைலர் குடுக்கிற கோடு) நேரா ஓட்டுற சின்ன பிராசசர் பண்றேன். 5ஐயும் 7ஐயும் கூட்டி லோக்கல் வேரியபிள்ல வச்சு ரிட்டர்ன் பண்ணணும், அவ்வளவுதான். 0 வருது. வெள்ளிக்கிழமை ரிவ்யூ. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மின்தடம்: சிமுலேஷன்லயா, போர்டுலயா? லோக்கல் எல்லாம் ரெஜிஸ்டரா, பிளாக் ராமா (சிப்புக்குள்ளயே இருக்கிற மெமரி)? பைட்கோடைப் போடுங்க.

சுத்துப்பாதை: பிராஞ்ச் ஆஃப்செட்தான், அதாவது எவ்வளவு தூரம் தாவணும்ங்கிற எண். ஜேவிஎம்ல (ஜாவா விர்ச்சுவல் மெஷின்) அந்த பிராஞ்ச் ஆப்கோட் இருக்கிற அட்ரஸ்லேர்ந்தே எண்ணணும், அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன்லேர்ந்து இல்ல. எல்லாரும் சறுக்குற இடம்.

மின்தடம்: கூட்டி ரிட்டர்ன் பண்றதுல பிராஞ்ச் எங்கேங்க இருக்கு?

பழையசிலிக்கான்: தம்பி, 1990கள்லயே சன் கம்பெனி பிகோஜாவான்னு ஒரு ஜாவா பிராசசர் பண்ணிப் பார்த்தாச்சு. 64 இடம் உள்ள ஸ்டாக் கேச், லோட்-ஆட்-ஸ்டோரை ஒண்ணா மடிக்கிற ஃபோல்டிங், எல்லாம் இருந்துச்சு. அப்புறம் ஆர்ம் பிராசசர்ல பைட்கோட் ஓட்டுற ஜசெல். அதுவும் போச்சு. ஜிட் (ஓடுறப்போவே பைட்கோடை மெஷின் கோடா மாத்துற கம்பைலர்) வந்தப்புறம் இதுக்கெல்லாம் வேலையே இல்ல. படிச்சுட்டு வாங்க.

காலக்கெடு: ஜசெல்ல சிக்கலான பைட்கோட் எல்லாம் சாஃப்ட்வேருக்குத்தான் போகும், அதை இதோட சேர்க்காதீங்க. ஹார்ட் ரியல் டைம்ல (கெடு தவறவே கூடாத வேலை) அதிகபட்சம் எத்தனை சைக்கிள்னு முன்னாடியே தெரியணும். ஜிட்ல சொல்ல முடியுமா? மார்ட்டின் ஷோபர்ல் வியன்னாவுல ஜாப் பிராசசர் பண்ணதே அதுக்குத்தான். மெத்தடை முழுசா கேச்சுல ஏத்திடும், மிஸ் (தேடுறது கேச்சுல இல்லாம போறது) வந்தா இன்வோக்லயும் (மெத்தடைக் கூப்பிடுறப்போ) ரிட்டர்ன்லயும்தான் வரும்.

பழையசிலிக்கான்: ரியல் டைம்னா சி-ல எழுதிட்டுப் போங்க.

காலக்கெடு: கேள்விக்கு இது பதிலா?

புதுகேட்: போர்டுலதான். லோக்கல் பிளாக் ராம். ஐலோட்_0, ஐலோட்_1, ஐஆட், ஐஸ்டோர்_2, ஐலோட்_2, ஐரிட்டர்ன். ஸ்டோருக்கும் லோடுக்கும் நடுவுல ஒரு நாப் (ஒண்ணும் செய்யாத ஆப்கோட்) போட்டா 12 வருது!!

மின்தடம்: இதை முதல்லயே சொல்லக்கூடாதா! ஐஸ்டோர்_2 லோக்கல் 2ல எழுதுற அதே கிளாக் எட்ஜ்லதான் ஐலோட்_2 அதைப் படிக்குது, ராம் பழைய மதிப்பைக் குடுக்குது. ரைட் அட்ரஸும் ரீட் அட்ரஸும் ஒண்ணா இருந்து ரைட் எனேபிளும் 1ஆ இருந்தா, எழுதுற டேட்டாவை ஒரு ரெஜிஸ்டர்ல பிடிச்சு வைங்க. அடுத்த சைக்கிள்ல ராம் அவுட்புட்டுக்குப் பதிலா மக்ஸ் (ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற சர்க்யூட்) வழியா அதை விடுங்க. ரைட்-ஃபர்ஸ்ட் மோட் (எழுதுற புது மதிப்பையே ராம் வெளிய குடுக்கிற செட்டிங்) போட்டா போதும்னு யாராவது வருவாங்க. எழுதுற போர்ட்டும் படிக்கிற போர்ட்டும் வேற வேறன்னா அது உதவாது.

சுத்துப்பாதை: லூப் எழுதுறப்போ ஆஃப்செட்டைப் பார்த்துக்கங்க.

புதுகேட்: 12 வந்துருச்சு. நன்றிண்ணா.

பழையசிலிக்கான்: மக்ஸ் போட்டப்புறம் கிளாக் எவ்வளவு இறங்குச்சுன்னு டைமிங் ரிப்போர்ட்டைப் போடுங்க.

பழையசிலிக்கான்: தம்பி?