கராத்தேயின் ஹெய்யான் ஷோடான் கட்டா: மூன்று ஆகே உகே முடிந்ததும் திசை குழம்புகிறது, என்ன செய்யலாம்?

புதுபெல்ட்:
எல்லோருக்கும் வணக்கம். ஷோட்டோகான் கராத்தே கற்றுக்கொள்ள ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன, வெள்ளை பெல்ட். இப்போது ஹெய்யான் ஷோடான் என்ற கட்டா (தனியாகச் செய்யும் வரிசைப்படுத்திய அசைவுகள்) போய்க்கொண்டிருக்கிறது. கிளாஸில் மாஸ்டர் எண்ணிக்கொண்டே வரும்போது எல்லோரோடும் சேர்ந்து செய்துவிட முடிகிறது, ஆனால் வீட்டில் தனியாக நின்றால் மூன்று ஆகே உகே (கையை மேலே உயர்த்தித் தடுப்பது) முடிந்து கியாய் (பலத்தோடு எழுப்பும் குரல்) கொடுத்ததும் எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் காலை எடுப்பது என்றே தெரியாமல் நின்றுவிடுகிறேன். இன்னொன்று, எப்படியோ 21 அசைவையும் முடித்தாலும் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்வதில்லை, எப்போதும் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் முடிகிறது. இது கவலைப்பட வேண்டிய விஷயமா, போகப் போகச் சரியாகிவிடுமா? அடுத்த கிரேடிங்கில் (பெல்ட் தேர்வில்) இந்தக் கட்டாதான் செய்ய வேண்டும், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜென்குட்சு:
நண்பரே, கவலைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் பயப்பட வேண்டியதில்லை. முதலில் கையை மறந்துவிடுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு காலை மட்டும் நடத்திப் பாருங்கள். இந்தக் கட்டாவில் நீங்கள் போகும் பாதை ஆங்கில ஐ எழுத்தை மேலும் கீழும் கோடு போட்டு எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கீழ்க்கோட்டில் இடம் வலம், நடுக்கோட்டில் முன்னால், மேல்கோட்டில் வலம் இடம், மறுபடி நடுக்கோட்டில் திரும்பி வருவது, கடைசியில் கீழ்க்கோட்டில் நான்கு ஷுட்டோ உகே (விரித்த கையின் விளிம்பால் தடுப்பது), அவ்வளவுதான். இந்தப் படம் மனதில் இருந்தால் அடுத்து எந்தத் திசை என்று யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் நின்றுவிடும் அந்த இடம் 270 டிகிரி திருப்பம். ஒன்பதாவது அசைவில் வலது கால் முன்னால் இருக்கிறது, அது நகராது, அதன் மேல்தான் சுழல வேண்டும். பின்னால் இருக்கும் இடது கால்தான் போகிறது, வலது குதிகாலுக்குப் பின்பக்கமாக உரசுகிற மாதிரி கடந்து போகிறது, உடம்பு இடது பக்கமாகச் சுற்றி வந்து கடைசியில் உங்களுக்கு வலப்பக்கம் இருந்த திசையைப் பார்க்கிறது. இங்கே எல்லோரும் கோட்டைவிடும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. இடது காலை வலது காலுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்துவிட்டால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடும், கயிற்றின் மேல் நிற்பதுபோல் ஆடும், யாராவது தோளைத் தொட்டாலே சாய்ந்துவிடுவீர்கள். திரும்புவதற்கு முன்னால் எந்தத் திசையைப் பார்த்திருந்தீர்களோ அந்தப் பக்கமாக ஒரு தோள் அகலம் தள்ளி இடது காலை வைக்க வேண்டும். அப்போதுதான் எடை முன்னங்காலில் இருக்கும் ஜென்குட்சு டாச்சி நிலைக்கு வேண்டிய அகலம் கிடைக்கும். 17ஆவது அசைவுக்கு அப்புறம் வருவதும் இதே 270 டிகிரிதான், ஆனால் அங்கே இறங்குவது எடை பின்னங்காலில் இருக்கும் கோகுட்சு டாச்சி நிலையில், அதில் இந்த அகலம் கிடையாது, இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் வர வேண்டும். இதைக் கலந்துவிடாதீர்கள்.

அப்புறம், திரும்பும்போது முதலில் தலை திரும்ப வேண்டும். பார்க்காத திசையில் காலை வைத்தால் கோணம் தப்பும்.

பழையடோஜோ:
மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, உங்கள் மாஸ்டர் டைகியோகு ஷோடான் சொல்லிக்கொடுத்தாரா? அதே பாதைதான், 20 அசைவு, ஆனால் கெடான் பராயும் (கையைக் கீழ்நோக்கி வீசித் தடுப்பது) ஓய் சுகியும் (ஓர் அடி முன்வைத்துக் குத்துவது) தவிர வேறு எதுவும் கிடையாது. ஷோட்டோகானை நிறுவிய ஃபுனகோஷி காலத்தில் ஆரம்ப மாணவர்களுக்கென்றே உருவான கட்டா அது. பல டோஜோக்களில் (பயிற்சிக்கூடங்களில்) அதை விட்டுவிட்டு நேராக ஹெய்யானுக்குப் போகிறார்கள், அது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் திருப்பத்தில் தடுமாறுகிற ஒருவருக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. கை தானாக ஓடும், மனம் முழுவதும் காலில் நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஹெய்யான் ஐந்தும் முதலில் ஓகினாவாவில் கராத்தே ஆசான் இட்டோசு அங்கோ பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் கட்டாக்கள். அவருடைய வரிசையில் இது இரண்டாவது. ஃபுனகோஷிதான் இதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார். பழைய முதலாவதைப் பார்த்தால் காரணம் புரியும், முதல் அசைவிலேயே இரண்டு கையும் இரண்டு வேலை செய்கிறது, புதியவர் பாவம். நம்முடையது கெடான் பராயும் ஒரு குத்துமாக நிதானமாக ஆரம்பிக்கிறது.

முன்னால் தள்ளி முடிவது பற்றி: கட்டாவே உங்களுக்குக் கணக்குக் காட்டுகிறது. முன்னால் போகும்போது மூன்று அடி, திரும்பி வரும்போது மூன்று அடி. முன்னால் தள்ளி முடிகிறதென்றால் ஆகே உகேயில் அடி நீளமாகவும் ஓய் சுகியில் குட்டையாகவும் விழுகிறது. பக்கவாட்டில் தள்ளி முடிந்தால் இடமும் வலமும் சமமாக இல்லை. தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுச் செய்து பாருங்கள், எந்தப் பகுதியில் பிசகு என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

புதுபெல்ட்:
மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் நடந்து பார்த்தேன், இடது கால் கடந்து போகாமல் நேராகவேதான் விழுகிறது, இவ்வளவு நாள் அதனால்தான் ஆட்டம். டைகியோகு எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, மாஸ்டரிடம் கேட்கிறேன். இன்னொரு சந்தேகம், நான்காவது அசைவில் வலது கையைச் சுழற்றி மேலிருந்து இறக்குகிறோமே, அது எதற்கு? சும்மா சுற்றிவிட்டு அடிப்பதுபோல் இருக்கிறது, மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

இடுப்புத்திருப்பம்:
அது டெட்சுயி, கைமுட்டியின் அடிப்பக்கத்தால், சுண்டுவிரல் பக்கமாக அடிப்பது. மூன்றாவது அசைவில் நீங்கள் கெடான் பராய் போட்டதும் எதிராளி அந்த வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டே கையையும் உடம்போடு சேர்த்து இழுத்தால் பிடி விடுபடும், அப்படி விடுபட்ட கை நிற்காமல் மேலே சுற்றி வந்து அடிக்கிறது. அதனால்தான் கால் இழுப்பும் கைச் சுழற்சியும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். முதலில் காலை இழுத்து, நின்று, அப்புறம் கையைச் சுற்றினால் பிடி விடாது. ஒரு நண்பரை நிஜமாகவே மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லி மெதுவாகச் செய்து பாருங்கள், அப்புறம் மறக்கவே மாட்டீர்கள். கட்டா முழுவதையும் இப்படி எதிரில் ஆள் இருப்பதாக வைத்துப் பழகினால் மனப்பாடம் தனியாகத் தேவைப்படாது என்பது என் கருத்து.

இதுவரை யாரும் இடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கெடான் பராய், ஆகே உகே, ஷுட்டோ உகே எல்லாவற்றிலும் இடுப்பு பாதி திரும்பி இருக்க வேண்டும், ஓய் சுகியில் முழுவதும் நேராக வர வேண்டும். பன்ச்சின் பலம் அந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது, பின்னங்கால் முட்டி நேராகித் தரையைத் தள்ள, இடுப்பு வர, கடைசியில் கை. பின்னங்குதிகால் தூக்கிக்கொண்டால் எல்லாம் போச்சு. முன் முட்டி பெருவிரலுக்கு மேல் வரை வரட்டும், உள்பக்கம் சாயக் கூடாது, சாய்ந்தால் நாளடைவில் முட்டி வலிக்கும்.

கடைசி நான்கு ஷுட்டோ உகேயில் கிட்டத்தட்ட 70 சதவீத எடை பின்னங்காலில். புதியவர்கள் முதலில் அதுவரை பழகிய ஜென்குட்சுவின் ஞாபகத்தில் முன்னால் சாய்ந்துவிடுவார்கள். ஒரு சின்ன சோதனை, அந்த நிலையில் நின்று முன்னங்காலைத் தூக்கிப் பாருங்கள், உடம்பை அதிகம் அசைக்காமல் தூக்க முடிந்தால் சரியாக இருக்கிறீர்கள்.

ஜென்குட்சு:
டெட்சுயி விளக்கம் அருமை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன் புதுபெல்ட், கிரேடிங்குக்கு முன்னால் வீடியோக்களை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். ஆறாவது அசைவுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இடது கையை விரித்து மேலே தூக்குவதை ஒருவர் நிறுத்திக் காட்டுவார், இன்னொருவர் ஒட்டிக்கொண்டே போய்விடுவார். உங்கள் மாஸ்டர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய்யுங்கள். தினமும் ஒருமுறை எண்ணாமல் மெதுவாகச் செய்யுங்கள், இன்னொருமுறை வேறு ஒரு சுவரைப் பார்த்து நின்று செய்யுங்கள், ஏனென்றால் கதவு, ஜன்னலை அடையாளம் வைத்துத் திரும்பிப் பழகியவருக்குக் கிரேடிங் ஹாலில் திசை தெரியாது.