நெட்ஹேக் சாகவில்லை, நம் வலைப்பதிவுகள் ஏன் செத்தன?

கரையான்புற்று | சனி, மாலை 6.10

போன வாரம் பழைய மடிக்கணினியைத் தூசி தட்டியபோது 2012 வாக்கில் சேர்த்து வைத்த புக்மார்க் பட்டியல் கிடைத்தது. முழுக்கத் தமிழ் வலைப்பதிவுகள். ஒவ்வொன்றாகச் சொடுக்கினேன். பாதிக்கு மேல் ஆள் இல்லாத வீடு. சிலவற்றில் "பக்கம் இல்லை" என்று வந்தது, சிலவற்றில் ஆன்லைன் ரம்மி விளம்பரம். இன்னும் சிலவற்றில் எழுத்து அப்படியே இருக்கிறது, படம் இருந்த இடத்தில் மட்டும் வெறும் கட்டம்.

அதே மடிக்கணினியில் நெட்ஹேக்கும் இருந்தது. தெரியாதவர்களுக்காக: 1987இல் வந்த நிலவறை விளையாட்டு. படமெல்லாம் கிடையாது, திரையில் நகரும் @ குறிதான் நீங்கள். 2003 டிசம்பரில் 3.4.3 என்ற பதிப்பு வந்தது. அதற்கடுத்த அதிகாரபூர்வப் பதிப்பான 3.6.0 வந்தது 2015 டிசம்பரில். நடுவில் பன்னிரண்டு வருடம் உருவாக்கியவர்கள் பக்கமிருந்து சத்தமே இல்லை. வேறு விளையாட்டாக இருந்தால் கருமாதி முடிந்து எள்ளும் தண்ணீரும் இறைத்திருப்பார்கள். இதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூலநிரல் ஊரெல்லாம் இருந்தது. பிடிக்காததை மாற்றிக் கிளை பிரித்தவர்கள் பிரித்தார்கள், பொதுச் சர்வரில் ஆடியவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே என் கட்சி இது. வலைப்பதிவர்கள் இந்தத் திறமூல விளையாட்டுகளை, அதாவது நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்த விளையாட்டுகளை, பார்த்து நடக்க வேண்டும். சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்குங்கள். பதிவுகளை அவ்வப்போது இறக்கி வையுங்கள். படங்களை அடுத்தவர் திண்ணையில் வைக்காதீர்கள். முக்கியமாக, "நகலெடுக்கலாம்" என்று உரிமம் போடுங்கள். மறுப்பவர்கள் வரலாம்.

நாலுவரிக்காரன் | சனி, இரவு 8.35

வந்துவிட்டேன். முதல் அறிவுரையே தப்பு அண்ணே.

அந்த ரம்மி விளம்பரம் வந்த முகவரிகளை மறுபடி பாருங்கள். ஒன்றாவது பிளாக்ஸ்பாட்டா? இருக்காது. எல்லாம் சொந்த டொமைன். வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், ஒரு வருடம் மறந்தால் எவனோ பிடித்துக்கொள்வான். நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒருவரைத் தெரியும், பெயர் வேண்டாம். தனித்தளத்துக்கு மாறினார், மூன்றாம் வருடம் காலமானார். வீட்டில் யாருக்கும் கடவுச்சொல் தெரியாது, புதுப்பிக்க வேண்டும் என்பதே தெரியாது. தளம் போயிற்று. மாறுவதற்கு முன்னால் பிளாக்ஸ்பாட்டில் எழுதியவை மட்டும் இன்றும் இருக்கின்றன. பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் பிளாக்கர் சேவை தொடங்கியது 1999இல், கூகுள் வாங்கியது 2003இல். இலவசமான அந்த வாடகை வீடுதான் இன்னும் நிற்கிறது.

இரண்டாவது, நீங்கள் பிழைத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள். திறமூல நிரல்களைப் போட்டு வைக்கும் ஸோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குள் போய்ப் பாருங்கள், பாதியில் நின்ற விளையாட்டுகள் சுடுகாடு மாதிரிக் கிடக்கின்றன. எல்லாம் திறமூலம்தான். மறுபக்கம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மூடிய நிரல், 1999இல் வந்தது. ரசிகர்கள் விடவில்லை. அவர்கள் தாங்களாகச் செய்த கூடுதல் தொகுப்பு வளர்ந்து 2013இல் அதிகாரபூர்வமாகவே வெளியானது. 2019இல் புதுப்பித்த பதிப்பும் வந்துவிட்டது. ஆள் இருந்தால் விளையாட்டு பிழைக்கும். உரிமத் தாள் யாரையும் பிழைக்க வைக்காது.

திருகாணி | சனி, இரவு 11.40

தத்துவச் சண்டையை நீங்கள் பாருங்கள், நான் பிளம்பர் வேலையைச் சொல்கிறேன். புக்மார்க்கில் செத்தவற்றில் பல உண்மையில் சாகவில்லை, முகவரிதான் செத்தது.

2012 தொடக்கத்தில் பிளாக்ஸ்பாட் முகவரிகளை இந்திய வாசகர்களுக்கு "டாட் இன்" முகவரிக்குத் திருப்பிவிட ஆரம்பித்தார்கள். எல்லோரும் அதையே நகலெடுத்து இணைப்புக் கொடுத்தோம். 2020இல் அந்த "டாட் இன்" டொமைன் கூகுள் கையைவிட்டுப் போனது. அதில் கொடுத்த இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் அநாதை. கரையான்புற்று அண்ணே, உங்கள் பட்டியலில் "இன்" என்று முடிவதை "காம்" என்று மாற்றிச் சொடுக்கிப் பாருங்கள். உங்கள் பழைய பதிவுகளுக்குள் கொடுத்த இணைப்புகளையும் இப்படித் தேடி மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

முகவரி என்றதும் இன்னொன்று. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் அதை முகவரியில் சேர்க்காது, "பிளாக்-போஸ்ட்" என்று பொதுப்பெயரும் ஓர் எண்ணும் போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன்பே அமைப்புப் பகுதியில் நிரந்தர முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில் கொடுங்கள். இன்னொரு வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் கதை வேறு. அது தமிழை ஏற்கும், ஆனால் உள்ளே விழுக்காட்டுக் குறிகளாக மாற்றி வைக்கும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம், மொத்தம் இருப்பதே 200 இடம். "கி" என்பதே இரண்டு குறியீடு. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு குறியீடுகளில் கத்தி விழும். தலைப்பு மூன்றாவது சொல்லின் இடுப்பில் துண்டாகிக் கிடப்பது இதனால்தான்.

அப்புறம், திரட்டிகளின் ஓட்டுப்பட்டை. பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஒரே இடத்தில் காட்டிய தளங்கள்தான் திரட்டிகள், வாசகர் ஓட்டுப் போட அவை கொடுத்த பொத்தான்தான் பட்டை. திரட்டி மூடிப் பல வருடம் ஆகியும் பட்டை டெம்ப்ளேட்டில் தொங்கும். பதில் சொல்லாத சர்வருக்காகப் பக்கம் காத்துக்கொண்டே நிற்கும். வாசகர் போய்விடுவார். கழற்றுங்கள். பத்திகளை இருபக்கமும் சமன் செய்யாதீர்கள், நம் சொற்களின் நீளத்துக்குக் கைப்பேசியில் அது ஓட்டைப் பல் மாதிரித் தெரியும்.

விளையாட்டு பக்கம் ஒரு வார்த்தை. ஓப்பன்டிடிடி என்ற திறமூலப் போக்குவரத்து விளையாட்டு 2004இல் வந்தது. 1995இன் டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸைப் பிரித்து மேய்ந்து லுட்விக் ஸ்ட்ரிகியுஸ் எழுதியது. ஆனால் பல வருடம் அதை ஆட அசல் குறுந்தகட்டில் இருந்த படக் கோப்புகள் தேவைப்பட்டன. தன்னார்வலர்கள் ஒவ்வொரு ரயில் பெட்டியையும் மரத்தையும் புதிதாக வரைந்து முடித்தபிறகுதான், 2010 ஏப்ரலில், 1.0 என்று பெயர் வைத்தார்கள். நிரல் சொந்தம், படம் இரவல் என்றால் அது இன்னும் முழுசாகப் பிறக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பதிவுகளில் படம் எங்கே இருக்கிறது?

மண்சட்டி | ஞாயிறு, காலை 7.20

நகலெடுக்கலாம் என்று உரிமம் போட வேண்டுமாம்! கரையான்புற்று தம்பி, நீங்கள் சமையல் குறிப்பு எழுதிப் பார்த்தது இல்லை.

நான் ஒரு குழம்பை மூன்று தடவை வைத்து, அளவு சரிபார்த்து, அடுப்படிப் புகையில் படம் எடுத்துப் போடுவேன். மறுவாரம் அது என் பெயர் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வரும். ஒரு பத்திரிகையில் என் படம் வந்தது, ஓரத்தில் போட்ட என் பெயரை வெட்டிவிட்டு. அதற்குப் பிறகுதான் வலது சொடுக்கைப் பூட்டும் நிரலைப் போட்டேன். உங்கள் நெட்ஹேக்கை யார் எடுத்துப் போனாலும் அது நெட்ஹேக்தான். என் குழம்பை எடுத்துப் போனால் அது அவன் குழம்பு ஆகிவிடுகிறது.

கரையான்புற்று | ஞாயிறு, காலை 9.05

மண்சட்டி அக்கா, கோபம் நியாயம். ஆனால் அந்தப் பூட்டு யாரைத் தடுத்தது? உங்கள் படத்தை எடுத்தவர் திரையைப் படம் பிடித்திருப்பார், இரண்டு விநாடி வேலை. மாட்டிக்கொண்டது நான்தான். போன தீபாவளிக்கு உங்கள் லேகியத்தின் மருந்துச் சாமான் பட்டியலை நாட்டுமருந்துக் கடைக்கு அனுப்ப நினைத்தேன், நகலெடுக்க முடியாமல் கையால் எழுதிக்கொண்டு போனேன். நகலெடுக்க அனுமதிப்பதென்றால் பெயரை விட்டுக்கொடுப்பது இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயரைச் சொல்லியே எடுக்க வேண்டும், வணிகத்துக்கு எடுக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடலாம்.

டக்ஸ் ரேசர் ஞாபகம் இருக்கிறதா, பனியில் வயிற்றால் சறுக்கும் பென்குயின்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. பிறகு அவர்களே நிறுவனம் வைத்து 2002இல் மூடிய நிரலாக விற்றார்கள். கடையில் வந்த அந்த விளையாட்டை இன்று யார் ஆடுகிறார்கள்? ஏற்கெனவே திறந்து விட்டிருந்த பழைய நிரலை வேறு ஆட்கள் எடுத்து, பெயர் மாற்றி, கைமாற்றி, எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர் என்று இன்றுவரை கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் 2013 முதல் மின்னூல் வெளியிடுகிறது. வலைப்பதிவுகளிலிருந்து தொகுத்த நூல்கள் அதில் நிறைய. அவர்கள் எழுத்தாளரிடம் கேட்பது ஒன்றே ஒன்று, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். நாலுவரிக்காரன் சொன்ன அந்தக் காலமானவர் தன் பதிவின் அடியில் ஒரு வரி உரிமம் போட்டிருந்தால், யாராவது எடுத்து நூலாக்கியிருக்கலாம். இப்போது எடுத்தால் திருட்டு, எடுக்காவிட்டால் அழிவு.

பிளாக்ஸ்பாட் வாடகை வீடு நிற்கிறது என்றீர்கள். இரண்டு வருடம் உள்ளே வராத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பரிலிருந்து அமல். இறந்தவர் எப்படி உள்ளே வருவார்?

நாலுவரிக்காரன் | ஞாயிறு, மதியம் 1.15

அந்த விதி எனக்கும் தெரியும். அதற்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. கணக்கு அமைப்பில் "செயலற்ற கணக்கு மேலாளர்" என்று உண்டு. நான் இத்தனை மாதம் வராவிட்டால் இன்னாருக்குத் தகவல் சொல், தரவைக் கொடு என்று எழுதி வைக்கலாம். என் மகள் பெயரைப் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிட வேலை. டொமைன் வாங்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

உரிம விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். விளையாட்டின் நிரலைப் பத்துப் பேர் திருத்தினால் அது மேம்படும். வெஸ்நோத் என்ற திறமூலப் போர் விளையாட்டு 2003இல் ஒரே ஆள், டேவிட் வைட், தொடங்கியது. ரசிகர்கள் எழுதிய போர்க்கதைகளும் பிறகு அதில் சேர்ந்தன, அதனால் கொழுத்தது. என் அப்பாவைப் பற்றி நான் எழுதிய பதிவை யார் திருத்துவது? அவர் சைக்கிளின் நிறத்தை யாரோ மாற்றிவிட்டு "புதிய பதிப்பு" என்பார்களா? ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது.

திருகாணி | ஞாயிறு, மதியம் 2.50

அதற்கும் நிபந்தனை இருக்கிறது அண்ணே, "மாற்றக் கூடாது" என்று. சைக்கிள் நிறம் பத்திரம்.

ஆனால் பெயர் பற்றிய பயம் சரியானதுதான். நெக்ஸ்யூஸ் என்ற சுடும் விளையாட்டு 2005இல் வந்தது. அதைத் தொடங்கியவரே 2010இல் பெயரை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். வேலை பார்த்த ஆட்கள் கொதித்துப்போய் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி ஸோனாடிக் என்று பெயர் வைத்தார்கள். 2012இல் அந்தப் பழைய பெயரோடு வந்த வணிக விளையாட்டை வெளியிட்ட டிஎச்க்யூ நிறுவனம் அந்த ஆண்டு முடிவதற்குள் திவால் மனு போட்டது. ஸோனாடிக் இன்றும் இருக்கிறது. பெயர் போனாலும் சரக்கு கையில் இருந்ததால் பிழைத்தார்கள். இதை உங்கள் இரண்டு பேர் கட்சிக்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கரையான்புற்று | ஞாயிறு, மாலை 4.30

எனக்குத்தான் சாட்சி! சரி, டொமைன் விஷயத்தில் ஒரு படி இறங்குகிறேன். கட்ட ஆள் இல்லாதவர்கள் பிளாக்ஸ்பாட்டிலேயே இருங்கள். ஆனால் நகல் வெளியே இருக்க வேண்டும் என்பதில் இறங்க மாட்டேன். திருகாணி சொன்னபடி "காம்" போட்டுப் பார்த்ததில் ஒன்பது வலைப்பதிவுகள் உயிரோடு எழுந்து வந்தன, அதற்கு நன்றி.

நாலுவரிக்காரன் | ஞாயிறு, மாலை 4.42

ஒன்பதும் பிளாக்ஸ்பாட். பதிந்துகொள்ளுங்கள்.

மண்சட்டி | ஞாயிறு, இரவு 9.55

உங்கள் சண்டையைப் படித்துவிட்டு மதியம் உட்கார்ந்தேன். பூட்டை எடுத்துவிட்டேன், லேகியப் பட்டியலை இனி தாராளமாக நகலெடுங்கள். உரிமம் போடவில்லை, யோசிக்க வேண்டும். பிளாக்கரில் காப்பு எடுக்கும் பொத்தானை அழுத்தினேன், ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு வந்தது. பதிவு, பின்னூட்டம் எல்லாம் இருக்கிறது. படம் ஒன்றுகூட இல்லையே?

திருகாணி | ஞாயிறு, இரவு 10.10

அந்தக் கோப்பில் படத்தின் முகவரி மட்டும்தான் வரும் அக்கா, படம் வராது. பதிவுப் பக்கத்தைத் திறந்து, உலாவியில் "முழுப் பக்கமாகச் சேமி" கொடுத்தால் படங்கள் தனி உறையில் வந்துவிடும். பதிவு அதிகம் என்றால் சொல்லுங்கள், ஒரு சின்ன நிரல் எழுதித் தருகிறேன்.

மண்சட்டி | திங்கள், காலை 6.30

இருநூற்றுச் சொச்சம் பதிவு, நிரல் வேண்டும் தம்பி. ஆனால் 2012 ஆடி மாதப் பதிவில் படங்கள் இல்லை. அப்போது வேறோர் இலவசச் சேவையில் ஏற்றியிருந்தேன், அது மூடிவிட்டது. கேமரா அட்டையும் எப்போதோ கெட்டுப்போயிற்று. மற்றது போகட்டும், அம்மா கேழ்வரகுக் கூழ் கிண்டுகிற படம் அதில்தான் இருந்தது. அம்மாவை நான் அடுப்படியில் வைத்து எடுத்தது அது ஒன்றுதான்.

இரவு முழுக்கத் தேடினேன். என் பதிவைத் திருடிப் போட்ட ஒரு தளத்தில் கிடைத்தது. பெயரை வெட்டியதில் அம்மாவின் இடது கையும் சேர்ந்து போயிருக்கிறது. வயிறு எரிகிறது. இறக்கி மூன்று இடத்தில் வைத்துவிட்டேன்.