ஸ்பாய்லருக்குத் தமிழில் என்ன சொல்?

ஓசூரிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். படம் பார்க்கிற நண்பர்கள் சிலர் கிருஷ்ணகிரியில் கூடிப் பேசுவதைச் சின்ன இதழாகத் தொகுக்கிறோம். ஜம்ப் கட்டுக்குத் தாவல் வெட்டு, குளோசப்புக்கு அண்மைக் காட்சி என்று எப்படியோ ஓட்டிவிடுகிறோம். ஸ்பாய்லரில்தான், அதாவது படம் பார்க்காதவனிடம் முடிவைப் போட்டு உடைப்பதில்தான், நின்றுவிடுகிறோம்.

எங்கள் பக்கம் இது ஏட்டுச் சிக்கல் மட்டும் இல்லை. 2023-இலிருந்து தமிழ்நாட்டில் பெரிய நடிகர் படம் என்றாலும் முதல் காட்சி பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான். பெங்களூரில் அதே படத்தை 6 மணிக்கே போட்டுவிடுகிறார்கள். ஓசூரிலிருந்து அங்கே 40 கிலோமீட்டர்தான். பையன்கள் இருட்டோடு பைக்கை எடுத்துவிடுகிறார்கள். இடைவேளையிலேயே வாட்ஸாப்பில் ‘வில்லன் யாருன்னு தெரியுமா’ என்று ஆரம்பித்துவிடும். தருமபுரியில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்காக நிற்பவன் என்ன செய்வான்? அவனுக்குத் திட்டவாவது ஒரு சொல் வேண்டும்.

தருமபுரியிலிருந்து:

சுவைகெடுப்பி, கதைக்கசிவு. இவ்விரண்டில் ஒன்றைக் கொள்ளலாம். முன்னது நேர்ப்பொருள் தருவது, பின்னது எளிது. என் பரிந்துரை முன்னது.

பென்னாகரத்திலிருந்து:

> சுவைகெடுப்பி, கதைக்கசிவு. இவ்விரண்டில் ஒன்றைக் கொள்ளலாம்.

ஐயா, இரண்டிலும் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனால் தியேட்டர் வாசலில் நிற்கிறவன் வாயில் இரண்டும் நுழையாது. ‘கசிவு’ ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. படம் கசிந்துவிட்டது என்று ரசிகர்கள் சொன்னால் திருட்டுப் பிரதி வெளியே வந்துவிட்டது என்று பொருள். அதையே இதற்கும் போட்டால் குழப்பம்தான்.

சுவைகெடுப்பி, கொசுவிரட்டியின் தங்கை மாதிரி இருக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சுவை கெடும் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறதே, அதுதான் இடிக்கிறது. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களுக்குத்தான் கதை கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்துப் பாரதக் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் விழப்போகிறான் என்று தெரியாத ஆள் கூட்டத்தில் உண்டா? ஆனாலும் அவன் விழுகிற படுகளத்தன்று மண்ணில் செய்து கிடத்திய அவனுடைய பெரிய உருவத்தைச் சுற்றி நிற்க இடம் கிடைக்காது. கட்டியங்காரன் வந்து கதையை முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகிறான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அப்போது எதைச் சொன்னால்தான் கோபம் வருகிறது? 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டு இறந்துவிடுவார். ‘சிவாஜி செத்துடுவார்’ என்று ஒருவர் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. சுட்டது யார் என்று சொன்னால்தான் அடிதடி. கதை வெளியே வருவதில் யாருக்கும் வருத்தம் இல்லை, அதில் போட்டிருக்கிற முடிச்சில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ‘முதல் பாதியில நல்லா முடிச்சுப் போட்டான், ரெண்டாம் பாதியில அவிழ்க்கத் தெரியல’ என்பது படம் விட்டு வருகிற யாரும் சொல்கிற பேச்சு. சொல்லை அங்கிருந்தே எடுக்கலாமே.

அவிழ்க்கிறவனுக்கும் நம்மிடம் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. முடிச்சவிழ்க்கி. சந்தையில் புளி விற்ற காசை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருக்கும் கிழவியைக் கூட்டத்தில் உரசிக்கொண்டே போய், அவளுக்குத் தெரியாமல் அந்த முடிச்சை அவிழ்த்துக் காசை எடுக்கிற திருடன். பர்ஸ் வந்தது, பிக்பாக்கெட் வந்தது, தொழில் போய்விட்டது. ‘முடிச்சவிக்கி’ என்கிற வசவு மட்டும் தங்கிவிட்டது. ஒன்பது மணிக் காட்சிக்கு நிற்கிறவன் கேட்கிற வசவு இதுதான். அவன் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற முடிச்சை இன்னொருவன் பெங்களூரிலிருந்து அவிழ்க்கிறான்.

சொல் நிற்குமா என்று வளைத்துப் பார்த்தேன். ஆள் முடிச்சவிழ்க்கி. செயல் முடிச்சவிழ்ப்பு. ‘முடிச்ச அவிழ்க்காதே’ என்று கத்தலாம். ஸ்பாய்லர் இல்லாத விமர்சனம் முடிச்சவிழாத விமர்சனம். எங்கும் முட்டவில்லை.

கடைசியாகச் சொன்ன முடிச்சவிழாத விமர்சனத்துக்கு இன்னும் நல்ல பெயர் ஒன்று உண்டு. இயக்குநர் ஹிட்ச்காக் 1960-இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு வருபவர்களை உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்த்தவர்களையும் கேட்டுக்கொண்டார்கள். நம் கொட்டகைகளில் அவ்வளவு கறார் செல்லுபடியாகியிருக்காது. பாதிப் படத்தில் நுழைந்து அடுத்த ஆட்டத்தில் மீதியைப் பார்க்கலாமா என்று கேட்கிற ஜனம். ஆனால் சாணித்தாளில் அடித்து விற்ற பாட்டுப் புத்தகம் இருந்தது. உள்ளே நடிகர் பெயர், பாட்டு, அப்புறம் கதைச் சுருக்கம். கதாநாயகியை வில்லன் தூக்கிக்கொண்டு போகிற இடம் வரை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்துவார்கள். அந்த ஒரு வரி இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும், பாட்டுப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும்கூட. முடிச்சை விட்டுவைத்து எழுதும் விமர்சனத்துக்கு ‘வெள்ளித்திரை விமர்சனம்’ என்று பெயர் வைத்தால் தனியாக விளக்கவே வேண்டாம்.

அரூரிலிருந்து:

நாடகம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் ஒரு தடை. முடிச்சவிழ்ப்பு என்பதை நாங்கள் கதையின் இறுதிக் கட்டத்துக்கு ஆள்கிறோம். ஆசிரியர் தானே அவிழ்ப்பது அது. குற்றத்துக்கும் கலைக்கும் ஒரே பெயரா?

பென்னாகரத்திலிருந்து:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் சார். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று நாடகக் கதைக்கு ஐந்து கட்டங்கள் சொல்கிறார், கடைசிக் கட்டத்துக்குத் துய்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தப்பிக்கலாம். ஆனால் வகுப்பில் நீங்கள் முடிச்சவிழ்ப்பு என்றுதான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். அதனால் இதற்கு ‘முன்னவிழ்ப்பு’. இயக்குநர் அவிழ்த்தால் அவிழ்ப்பு, அவருக்கு முந்திக்கொண்டு வேறொருவர் அவிழ்த்தால் முன்னவிழ்ப்பு. முடிச்சவிழ்ப்பைவிட ஓர் எழுத்துக்கூடக் கூடவில்லை. ஆளின் பெயரை மட்டும் மாற்ற மாட்டேன்.

தருமபுரியிலிருந்து:

முன்னவிழ்ப்பு ஏற்புடையது. முடிச்சவிழ்க்கி இழிவழக்கு ஆயிற்றே. கலைச்சொல் பட்டியலில் அதை எப்படி ஏற்றுவது?

ஓசூரிலிருந்து:

ஐயா, பட்டியலில் ஏற்ற வேண்டாம், அது தானாக ஏறிவிட்டது. பென்னாகரத்து அக்காவின் மடலைப் படமெடுத்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஆறு மணிக் காட்சிக்குப் போகிற பையன் ஒருவன் ‘என்னையா சொல்றீங்க’ என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். மற்றவர்கள் குழுவுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதழில் ‘முன்னவிழ்ப்பு உண்டு’ என்று போடப்போகிறோம். தலைப்புக்கு மேலே போடுவதா, கீழே போடுவதா?

பென்னாகரத்திலிருந்து:

மேலே போடுங்கள் தம்பி. கீழே போட்டால் அதைப் படிப்பதற்குள் கண் முதல் பத்திக்குப் போய்விடும். தலைப்பிலேயே கொலைகாரன் பெயரை எழுதிவிடாதீர்கள், போன இதழில் அப்படித்தான் ஒன்று வந்தது.