மறு: ‘பவுண்ட் ஃபார்ம்’ தமிழில் எப்படி?

> பயனர் நிரப்பி அனுப்புவதால் ‘நிரப்பிய படிவம்’ என்றே சொல்லலாமே. எளிமையாகவும் இருக்கிறது.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘நிரப்பிய’ என்ற சொல் பிழை தேடுபவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும். ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் சட்டகம்) படிவம் ‘பவுண்ட்’ ஆக, அதாவது தரவோடு பிணைந்ததாக ஆக, எதுவும் நிரம்பியிருக்க வேண்டியதில்லை. உருவாக்கும்போதே தரவைக் கொடுத்துவிட்டால் போதும். வெற்று டிக்ஷனரியை (பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பை) கொடுத்தாலும் அது பவுண்ட்தான். கட்டாயப் புலங்களுக்கு ‘இந்தப் புலம் தேவை’ என்ற செய்தி வருவது அதனால்தான். நேர்மாறாக, இனிஷியல் மதிப்புகளால் (முன்கூட்டியே காட்டும் தொடக்க மதிப்புகளால்) திரையில் எல்லாக் கட்டங்களும் நிறைந்து தெரியும் படிவம் அன்பவுண்டாக, அதாவது தரவு கொடுக்கப்படாததாக, இருக்கலாம்.

புதியவர்கள் மணிக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடமே இது. வியூவில் (வேண்டுகோளைக் கையாளும் நிரல்பகுதியில்) ரிக்வெஸ்ட்.போஸ்டை, அதாவது பயனர் அனுப்பிய தரவை, கொடுக்க மறந்து, படிவத்தை வெறுமனே உருவாக்கிவிடுவார்கள். அன்பவுண்ட் படிவத்தில் இஸ்_வேலிட் (தரவு சரிதானா என்ற சோதனை) எப்போதும் ஃபால்ஸ்தான் (இல்லை என்பதுதான்). பிழைப்பட்டியலான எரர்ஸும் காலியாகவே இருக்கும். அனுப்பிய பக்கம் அப்படியே திரும்பி வரும், ஒரு பிழைச்செய்திகூட இருக்காது. உடனே சரிபார்ப்பு விதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். படிவம் பவுண்டா என்று சொல்லும் இஸ்_பவுண்ட் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், பிழைதேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சரிபார்ப்பு தோற்றதும் புதுப் படிவத்தை உருவாக்கி டெம்ப்ளேட்டுக்கு (பக்கத்தின் வார்ப்புருவுக்கு) அனுப்புகிறார்களே, அங்கே செய்திகள் மறைவதற்கும் இதே காரணம்தான்.

ஆகவே தரவு வந்து சேர்ந்ததா என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். ‘கட்டுண்ட படிவம்’ என்றால் எதோடு கட்டுண்டது என்று விளங்காது. ‘தரவேற்ற படிவம்’ நல்ல சொல், ஆனால் அப்லோடைத் தரவேற்றம் என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறோம். கோப்புப் படிவம் என்று நினைத்துவிடுவார்கள். ‘தரவுறு படிவம்’, ‘தரவுறாப் படிவம்’ என்று வைக்கலாமா?

> ‘தரவுறு படிவம்’, ‘தரவுறாப் படிவம்’ என்று வைக்கலாமா?

வணக்கம். இனிஷியல் எடுத்துக்காட்டைப் படித்ததும் ‘நிரப்பிய’ என்பதை விட்டுவிட்டேன். ஆனால் வகுப்பில் வாயால் சொல்லும்போது ‘தரவுறு’வும் ‘தரவுறா’வும் ஒன்றுபோலவே காதில் விழும். எதிரெதிர்ப் பொருளுள்ள இரண்டு சொற்களுக்கு அது ஆகாது. ‘தரவு பெற்ற படிவம்’, ‘தரவு பெறாத படிவம்’ என்றால் சற்று நீளம்தான், ஆனாலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இஸ்_பவுண்டையும் ‘தரவு பெற்றதா?’ என்று கேள்வியாகவே எழுதலாம்.

> ‘தரவு பெற்றதா?’ என்று கேள்வியாகவே எழுதலாம்.

ஏற்கிறேன், ஐயா. அந்தக் கேள்வி வடிவத்துக்காகவே ‘தரவு பெற்ற’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆவண மொழிபெயர்ப்பில் இன்றே மாற்றிவிடுகிறேன்.