வெயிலூரில் ஆர்க்கிட் வளர்த்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்க

மாடித்தோட்டக்காரி, சத்துவாச்சாரி, வேலூர்:

"ஆர்க்கிட்டெல்லாம் ஊட்டி, ஏற்காட்டுச் சமாச்சாரம். இது வெயிலூர்மா" என்று சொன்ன நர்சரிக்காரரே கடைசியில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார். வெள்ளைப் பூவோடு ஒரு ஃபலனாப்சிஸ், 650 ரூபாய். இரண்டு மாதம் பூ வாடவே இல்லை. அதற்கப்புறம் நான் பாசம் காட்ட ஆரம்பித்தேன். ரோஜாவுக்கு ஊற்றுகிற மாதிரி தினமும் சாயங்காலம் ஒரு சொம்பு, உச்சியிலிருந்தே.

மூன்றாவது வாரம் நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பு, அழுகல் வாடை. குருத்தில் தேங்கிய தண்ணீர் ராத்திரி முழுக்க நின்று வேலையைக் காட்டியிருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்தேன். வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உறைமாதிரி கழன்று வருகிறது, உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

அடுத்து வாங்கியது டென்ட்ரோபியம், ஊதா. என்னைக் கேட்டால் நம் ஊரில் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும், சூட்டைத் தாங்கும். மண்ணே கிடையாது. இஸ்திரிக்காரரிடம் கேட்டு வாங்கிய அடுப்புக்கரி, உடைந்த நாட்டு ஓடு, ஊறவைத்துச் சாயம் போக அலசிய தேங்காய் மட்டைத் துண்டு, அவ்வளவுதான். விடியற்காலையில் மட்டும் தண்ணீர். 50 சதவீத நிழல்வலை. இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. லேசாக மஞ்சள் கலந்த பச்சை என்றால் சரி. முதல் ஆறு மாதம் கரும்பச்சை இலையைப் பார்த்து "என்ன செழிப்பு!" என்று நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அது ஒரு தடவை பூத்து முடித்ததும் இலை உதிர்ந்த தண்டு இரண்டை என் மாமியார் "காய்ஞ்ச குச்சி" என்று நறுக்கி எறிந்துவிட்டார். அந்தக் குச்சிதான் செடியின் தண்ணீர்க் குடம். பழைய தண்டிலேயே மறுபடியும் பூ வரும். சுருங்கிக் காய்ந்து பழுப்பானால் ஒழிய கத்தரிக்கோல் கிட்டப் போகக் கூடாது. அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. தொட்டியை அவர் கைக்கு எட்டாத கொக்கியில் மாட்டிவிட்டேன்.

உங்கள் கதையையும் எழுதுங்கள். செத்ததையும் சேர்த்துத்தான்.

குடியாத்தம்காரன்:

அக்கா, நான் காசு கொடுத்து ஆர்க்கிட் வாங்கினதே இல்ல. எங்க தோப்பு மாமரத்துல சின்ன வயசுல இருந்தே ஒண்ணு இருக்கு. தாத்தா அதைப் புல்லுருவின்னு நினைச்சு அருவாளோட வருவாரு. பிளஸ் ஒன் தாவரவியல்ல 'தொற்றுத்தாவரம், வெலாமன் திசு, வாண்டா'ன்னு படம் வரைஞ்சு மார்க் வாங்கினோமே, அந்த வாண்டாவேதான் இதுன்னு எனக்கே ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. (வெலாமன்னா வேர் மேல தண்ணிய உறிஞ்சுற பஞ்சு மாதிரி உறை.) புல்லுருவி வேரை மரத்துக்குள்ள விட்டு உறிஞ்சும். இது மரத்துல சும்மா உக்காந்திருக்கும், அவ்வளவுதான். மழைத் தண்ணியும் பட்டையில படியிற தூசு தும்பும்தான் சாப்பாடு.

பூவைக் கிட்டப் போய்ப் பாத்தா, மஞ்சள் கலந்த பச்சையில பழுப்புக் கோடு கட்டம் கட்டமா, கீழ நாக்கு மாதிரி ஊதா. வாசனையும் உண்டு. வாண்டா டெசெல்லேட்டான்னு பேரு. சித்திரை வெயில்ல நாம சுருண்டு கிடக்கும்போது அது பூத்துட்டு நிக்கும்.

ரெண்டு வருஷம் முன்ன சூறைக்காத்துல அந்தக் கிளை முறிஞ்சு விழுந்துச்சு. பழைய வேட்டியைக் கிழிச்சு, செடியை வேப்பமரத்துல கிழக்குப் பக்கமா கட்டினேன். நாலு மாசம் அசையல. வேர் வெள்ளி மாதிரி வெளுத்து, இலை மடிஞ்சு, போச்சுன்னு நினைச்சேன். ஆவணில ஒரு நல்ல மழை. மறுநாள் பாத்தா வேரெல்லாம் பச்சை, கொஞ்ச நாள்ல நுனியில புதுசா ஒரு விரக்கடை வளந்துச்சு. வெளுத்த வேர் தாகத்துல இருக்கு, பச்சை வேர் குடிச்சிருச்சு. எந்த வகை வாண்டா வாங்கினாலும் இதைப் பாத்துத் தண்ணி விடுங்க. தேதி பாத்து விடாதீங்க.

பாகாயம் வாசகர் (ஓய்வு பெற்றவர்):

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஜவ்வாது மலையில் ஒரு பட்டுப்போன கிளையிலிருந்து ஆர்க்கிட் ஒன்றைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பெயர்கூடத் தெரியாது. வைகாசி தாண்டவில்லை. காப்புக்காட்டில் செடி பறிப்பது சட்டப்படித் தவறு என்பது ஒருபுறம். அந்தக் குளிரையும் பனியையும் நான் மாடிக்குக் கொண்டுவர முடியுமா? அதற்கப்புறம் மலை ஆர்க்கிட் பார்க்க ஆசை வந்தால் ஏற்காடு போய், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன். சாலையோரம் வேரோடு பிடுங்கிய செடியைக் கட்டுக்கட்டாக விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

ஃபலனாப்சிஸைப் பற்றி: குழந்தாய், அதைக் கைவிட வேண்டாம். என்னிடம் இரண்டு உண்டு, கிழக்கு ஜன்னலில். வெயில் நேரே படாது. பூத்தண்டு விட அதற்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். மார்கழி, தை இரவுகளில் நம் ஊரிலேயே 20 டிகிரிக்குக் கீழே போகிறதே, அந்த நாட்களில் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். மாசியில் தண்டு எட்டிப் பார்க்கும்.

காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸ்:

எல்லாரும் தண்ணிய மறந்துட்டீங்க. எங்க போர் தண்ணி, உப்பு அளக்கிற மீட்டர்ல 1,200 காட்டுச்சு. இலையில வெள்ளைப் படலம், வேர் நுனி கருகல். உரம் கூடிப்போச்சுன்னு நினைச்சு அதைக் குறைச்சேன், மாறல. குற்றவாளி உப்புதான். இப்போ மழைத்தண்ணி டிரம், அது தீர்ந்தா ஏசி தண்ணி. உப்பே கிடையாது. சீசன்ல முதல் ஒண்ணு ரெண்டு வாளியை மட்டும் கொட்டிடுவேன், ஏசிக்குள்ள இருக்கிற அழுக்கெல்லாம் அதுல வரும். ஏசி தண்ணில சத்தும் கிடையாது, அதனால வாரம் ஒருதடவை 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம்.

மாடித்தோட்டக்காரி:

ஏசி தண்ணீர் யோசனைக்கு நன்றி தம்பி. நேற்றிலிருந்து வாளி வைத்திருக்கிறேன். காலையில் பார்த்தால் பாதி வாளிதான் இருந்தது. மீதியை அத்தை துளசிக்கு ஊற்றிவிட்டாராம்.