சின்ன லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றம்: வாங்கிய டிரைவ் 38 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்கிறது

நிலாமுற்றம்:

வணக்கம். மொழிபெயர்ப்பு வேலைக்காக 11.6 அங்குலத் திரையுள்ள சின்ன லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாக இதில்தான் பிழைப்பு. கீபோர்டு விரலுக்கு அவ்வளவு பழகிவிட்டது, தமிழ்99-ஐக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அதனால் புதிதாக வேறு வாங்கும் எண்ணமே இல்லை.

பிரச்சினை இடம்தான். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) 128 ஜிபி. விண்டோஸ் அதை 119 என்று காட்டுகிறது, அதில் மிச்சம் 3. ஒவ்வொரு அப்டேட்டும் பாதியில் நின்று, இடம் போதவில்லை என்று திரும்பிவிடுகிறது. போன வாரம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது பாதிதான் எழுதப்பட்டது. மூன்று நாள் உழைப்பு. அன்றே என்விஎம்இ என்ற வேகமான வகையில் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். எம்.2 என்று போட்டிருந்தது, என் லேப்டாப்பிலும் எம்.2 என்று படித்திருந்தேன்.

இன்று திறந்தேன். அடியில் பத்து ஸ்க்ரூ. பின்பக்க ரப்பர் கால் இரண்டையும் உரித்தால் அதற்கடியில் ஒவ்வொன்று. பழைய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் செருகி மெதுவாகச் சுற்றி வந்ததும் அடிமூடி கழன்றது. உள்ளே இருந்த டிரைவ் என் சுண்டுவிரலை விடக் குட்டை. ஸ்கேல் வைத்து அளந்தேன், 42 மில்லிமீட்டர். நான் வாங்கியது 80. ஸ்லாட்டில் செருகினால் போகிறது, ஆனால் மறுமுனை பேட்டரி மேல் ஏறி நிற்கிறது.

கேட்க வேண்டியவை:

அதை அப்படியே பேட்டரி மேல் படுக்கவைத்து டேப் ஒட்டிவிடலாமா? பழையதன் தங்க நிற விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கிறது, புதியதில் ஒன்றுதான். இது ஏதாவது சிக்கலா? அப்புறம், எல்லாவற்றையும் அப்படியே குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? என் அகராதிகள், மொழிபெயர்ப்பு நினைவகம் (முன்பு மொழிபெயர்த்த வரிகளின் தொகுப்பு), எழுத்துரு அமைப்புகள் எல்லாம் ஐந்து வருடமாகச் சேர்த்தவை. அவற்றை மறுபடி ஒவ்வொன்றாக அமைப்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

செப்புக்கம்பி:

சகோதரி, முதலில் அந்த டேப் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் பேட்டரி ஒரு மெல்லிய பை மாதிரிதான், உறுதியான உறை எதுவும் கிடையாது. அடிமூடியை மூடினால் அந்தச் சர்க்யூட் போர்டின் முனை பையை அழுத்திக்கொண்டே இருக்கும். பேட்டரி கொஞ்சம் உப்பினால் அழுத்தம் இன்னும் கூடும். எத்தனை டேப் ஒட்டினாலும் அந்த இடத்தில் எதையும் வைக்கக்கூடாது.

நீளம் பற்றி: எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். டிரைவின் மேல் 2242, 2280 என்று ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அகலம், 22 மில்லிமீட்டர். மீதி நீளம். உங்களுடையது 2242, வாங்கியது 2280. 2230-உம் உண்டு, கையடக்க விளையாட்டுக் கருவிகளில் பார்க்கலாம்.

வெட்டு பற்றிய கேள்விதான் முக்கியமானது. இரண்டு வெட்டு இருந்தால் பி, எம் என்ற இரண்டு வகை ஸ்லாட்டிலும் போகும். சாட்டா என்ற பழைய, வேகம் குறைந்த இணைப்பு முறையில் வரும் எம்.2 டிரைவுகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஒரே வெட்டுள்ள உங்கள் புதிய டிரைவ் எம் கீ, அதாவது எம் வகை. அது உள்ளே போனது என்றால் உங்கள் ஸ்லாட்டும் எம் கீ. ஆனால் உள்ளே போவது வேறு, வேலை செய்வது வேறு. சில சின்ன லேப்டாப்களில் அந்த ஸ்லாட்டுக்குச் சாட்டா இணைப்பு மட்டும்தான் மதர்போர்டிலிருந்து வரும், என்விஎம்இ-க்கு வேண்டிய பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு வராது. அங்கே என்விஎம்இ செருகினால் எதுவும் கெடாது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) டிரைவே தெரியாது, அவ்வளவுதான்.

இதை ஊகித்துப் பயனில்லை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, ஸ்டோரேஜ் என்ற பகுதியில் அந்த ஒரு வரியைப் படியுங்கள். பழைய டிரைவின் லேபிளில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. பத்து ஸ்க்ரூவும் ஒரே நீளமா என்று பார்த்தீர்களா? ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எந்த ஸ்க்ரூ இருந்ததோ அதே இடத்தில் தாளில் குத்தி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கிவிட்டார், கை வைக்கும் மேல்பகுதியில் ஒரு பரு மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது. அதைத் திரும்பத் தட்டி எடுக்க முடியாது.

எட்டுக்கால்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். விண்டோஸ் 11 என்றால், நீங்கள் கேட்காமலே டிரைவ் மறைகுறியாக்கம் (சாவி இல்லாமல் தரவைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) இயங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை அணைத்து, அந்தப் பூட்டு முழுக்கத் திறந்து முடியும் வரை காத்திருந்துவிட்டுக் குளோன் செய்யுங்கள். அதற்கும் முன்னால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லே அந்த லேப்டாப்பில்தான் சேமித்திருக்கிறது என்று பின்னால் தவித்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இன்றே செய்யுங்கள்.

நிலாமுற்றம்:

இருவருக்கும் மிக்க நன்றி. மறைகுறியாக்கம் ஆன்தான்! சாவியை இரண்டு தாளில் எழுதிவிட்டேன், இப்போது அணைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய லேபிளில் சாட்டா என்றும் விநாடிக்கு 6 கிகாபிட் என்றும் இருக்கிறது. மேனுவலில் அந்த வரி கிடைத்தது: எம்.2 2242, சாட்டா மட்டும். அப்படியானால் நான் வாங்கியது இதில் எந்த வகையிலும் உதவாது. பெட்டி அப்படியே இருக்கிறது, திருப்பி அனுப்புகிறேன். சாட்டாவுக்குப் போனால் வேகம் ரொம்பக் குறைந்துவிடுமா?

ஸ்க்ரூ தாள் செய்துவிட்டேன் அண்ணா. முன்வரிசை மூன்றும் குட்டை. நீங்கள் சொல்லாவிட்டால் கலந்திருப்பேன்.

செப்புக்கம்பி:

சாட்டாவில் உச்சம் விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி. நான்கு பாதை உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்விஎம்இ 3500 வரை போகும். எண்ணில் பெரிய வித்தியாசம். ஆனால் ஆவணம் திறப்பது, அகராதியில் தேடுவது போன்ற வேலைகளில் நீங்கள் அதை உணர்வது அரிது. உங்கள் பழைய டிரைவும் சாட்டாதான், அது மந்தமாகத் தோன்றியதற்கு மூச்சுமுட்ட நிரம்பிக் கிடந்ததே பெரிய காரணம். எஸ்எஸ்டி நிரம்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும். 2242, சாட்டா, இரண்டு வெட்டு, 512 ஜிபி. இதை வாங்குங்கள்.

குளோன்தான் உங்களுக்கு நல்லது. அதற்கு, டிரைவை உள்ளே போட்டு வெளியிலிருந்து செருகும் யுஎஸ்பி உறை ஒன்று வேண்டும், எம்.2 சாட்டாவைப் படிக்கும் உறையாகப் பார்த்து வாங்குங்கள். என்விஎம்இ மட்டும் படிக்கும் உறையில் சாட்டா டிரைவைப் போட்டால் ஒன்றும் வராது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு பென்டிரைவில் குளோன்சில்லா என்ற குளோன் செய்யும் மென்பொருளைப் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். புதியது உறைக்குள், பழையது அதன் இடத்தில். எது மூலம், எது இலக்கு என்று அது கேட்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். 128-லிருந்து 512-க்கு. மாற்றிச் சொன்னால் வெற்று டிரைவ் உங்கள் ஐந்து வருடத்தின் மேல் எழுதப்படும். அதனால் அதற்கு முன்பே முக்கியக் கோப்புகளை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லேப்டாப்பை அணைக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். வழக்கமான ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். உள்ளே கை வைக்கும்போது முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், வெள்ளைப் பிளக்கை நகத்தாலோ பிளாஸ்டிக்காலோ இரு பக்கமும் மாற்றி மாற்றி நகர்த்துங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்னூட்டம் போகும். டிரைவை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும்.

நிலாமுற்றம்:

முடிந்தது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, ஆனால் முடிந்தது!

குளோன் இருபது நிமிடத்துக்குள் ஓடி முடிந்தது. மாற்றிப் போட்டு ஆன் செய்தால், கறுப்புத் திரையில் பூட் செய்யச் சாதனம் இல்லை என்று ஒரே வரி. ஒரு கணம் நெஞ்சு நின்றது. பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, டார்ச் அடித்து ஸ்லாட்டைப் பார்த்தேன். தங்கக் கோடுகள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தெரிந்தன. பழைய டிரைவில் அப்படித் தெரியவே இல்லை. ஸ்க்ரூவை எடுத்ததும் டிரைவ் தானாக மேலே சாய்ந்து எழுந்தது. அந்தச் சாய்விலேயே பிடித்துத் தள்ளினேன், 'டக்'கென்று இல்லாமல் மெத்தென்று உள்ளே போனது. கோடுகள் மறைந்தன. பிறகு படுக்கவைத்து ஸ்க்ரூ போட்டேன். விண்டோஸ் எழுந்தது. என் எழுத்துருக்கள், விசைப்பலகை, எல்லாம் வைத்த இடத்தில்.

ஆனால் சி டிரைவ் இன்னும் பழைய அளவையே காட்டியது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால், சி-க்குப் பக்கத்தில் சின்ன ரெகவரி பகுதி (விண்டோஸ் பழுதுபார்க்க ஒதுக்கியது) குறுக்கே நிற்கிறது, காலி இடம் அதற்கு அப்பால். பெரிதாக்கும் விருப்பம் மங்கிக் கிடந்தது. டிரைவின் பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ரெகவரியைக் கடைசிக்கு நகர்த்தி, சி-யை நீட்டினேன். மொத்தம் 476 ஜிபி, அதில் 350-க்கு மேல் காலி. தேங்கிக் கிடந்த அப்டேட் நேற்றிரவு முழுசாக இறங்கியது.

பழைய டிரைவ் உறைக்குள் இருக்கிறது, தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை இப்போதே செருகி உள்ளே பார்க்கலாமா?

செப்புக்கம்பி:

மிகவும் மகிழ்ச்சி சகோதரி. ஸ்லாட்டை டார்ச் அடித்துப் பார்த்தீர்களே, பலர் அங்கேதான் டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள்.

பழையதை இப்போது செருகாதீர்கள். இரண்டு டிரைவுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், சில சமயம் குழம்பவும் செய்யும். கையிலிருக்கும் மொழிபெயர்ப்பு வேலையை ஒப்படைக்கும் வரை அதை அப்படியே அலமாரியில் விட்டுவையுங்கள். அப்புறம் முழுக்க அழித்து, கோப்பு எடுத்துப் போகும் டிரைவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வருடக்கணக்கில் மின்சாரம் தொடாமல் கிடக்கும் எஸ்எஸ்டியில் தரவு மெல்ல அழியக்கூடும், அதனால் ஒரே பிரதியை அதில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். மறைகுறியாக்கத்தையும் மறுபடி ஆன் செய்துவிடுங்கள், புதுச் சாவி வரும். அந்த இரண்டு தாளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.