வெள்ளைச் செராமிக் 6502: 1975 அசல்தானா?

உப்புவெளிக்காரன்
போன வாரம் இணைய ஏலத்தில் 65,000 ரூபா கொடுத்து வெள்ளைச் செராமிக் 6502 ஒன்றை, அதாவது பழைய கணினிகளின் மூளையாக இருந்த செயலிச் சிப்பை, எடுத்தேன். அதை உருவாக்கிய மொஸ் டெக்னாலஜியின் முத்திரை, 1975 கடைசிப் பகுதித் திகதி. நாற்பது காலிலும் துரு இல்லை. சிப்பை அடியடியாக ஓட்டும் கடிகாரத் துடிப்பைப் பொத்தானால் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். நடுவில் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து அழுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து எண்ணுகிறது! வாழ்த்தலாம்.

கோட்டைவாசல்
வாழ்த்துக்கு முன் பஞ்சில் அசிற்றோன் நனைத்து எழுத்தின் மேல் துடையுங்கள். போன வருடம் "இன்டெல் 386டிஎக்ஸ், 40 மெகாஹேர்ட்ஸ்" என்று ஒன்றை வாங்கிப் படம் போட்டவரும் நீங்கள்தான். இன்டெல் அதை 33க்கு மேல் விற்கவே இல்லை. 40 என்பது ஏஎம்டியின் கணக்கு.

பழைய_இரும்பு
அண்ணா, அசிற்றோனை மட்டும் சொல்லாதீர்கள். அது கறுப்புப் பிளாஸ்டிக் சிப்புக்கான வைத்தியம். அதில்தான் பழைய எழுத்தை உரசி எடுத்துவிட்டு மேலே கறுப்புப் பூச்சுப் பூசுவார்கள். துடைத்தால் பஞ்சு கறுக்கும். இந்தச் செராமிக்கில் இருப்பது மை. அசல் மையும் கரையலாம். பொய்யைப் பிடிக்கப் போய் மெய்யை அழித்துவிட்டு நிற்பார்.

லென்சு போதும். உரசிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா, முதலாம் காலின் அடையாளம் மழுங்கியிருக்கிறதா, எழுத்து மையா லேசரா என்று பாருங்கள். 1975 சிப்பில் லேசர் எழுத்து என்றால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

உப்புவெளிக்காரன்
மைதான். கோடு எதுவும் தெரியவில்லை. அதோடு சிப் வேலை செய்கிறதே, இதைவிட வேறென்ன சான்று?

கோட்டைவாசல்
செராமிக்குக்கு அசிற்றோன் வேண்டாம், சரி. ஆனால் வேலை செய்வது எப்படிச் சான்றாகும்? செத்த சிப்பில் எழுத்து மாற்றினால் வாங்கியவன் அன்றே திருப்பி அனுப்புவான். ஓடுகிற 6502 உலகெங்கும் கிடக்கிறது. விலை இருப்பது வருடத்தில்தான்.

சீனன்குடா_மாணவி
உப்புவெளி அண்ணா, தேநீர்க் கதைதான் எனக்கு இடிக்கிறது. அந்தக் காலத்து 6502 என்மொஸ் என்ற பழைய தயாரிப்பு முறையில் செய்தது; கடிகாரம் நின்றால் பதிவகங்களில், அதாவது தன் உள்ளே இருக்கும் சிறு நினைவிடங்களில், இருப்பதை மறந்துவிடும். எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் நினைவு வைத்திருப்பது சீமொஸ் முறையில் செய்த பிற்கால வகையின் குணம்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1976 நடுப்பகுதிக்கு முந்திய 6502களில் ஆர்ஓஆர் என்ற வலச்சுழற்சிக் கட்டளை (எண்ணின் பிட்டுகளை ஓரிடம் வலப்பக்கம் தள்ளுவது) கிடையாது. மிகுதி இலக்கத்தை (கேரி பிட்டை) சுழியமாக்கி, திரட்டி என்ற முதன்மைப் பதிவகத்தில் 2 ஐ ஏற்றி, அந்தக் கட்டளையைக் கொடுங்கள். 1 வந்தால் திகதி பொய்.

உப்புவெளிக்காரன்
அதாவது சரியான விடை சொன்னால் அது கள்ளச் சிப்பா? நல்ல நியாயம்.

சீனன்குடா_மாணவி
ஆம் அண்ணா, இந்த ஒரு கேள்விக்கு மட்டும்.

உப்புவெளிக்காரன்
(மறுநாள் இரவு) 1.
மூன்று தடவை பார்த்தேன். 1 தான்.

பழைய_இரும்பு
மனம் உடையாதீர்கள். ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயர் வைப்பது உலகத்தில் புதிதா? 1620களில் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுதான் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்து பிரெட்றிக் என்று பெயர் வைத்தார்கள். அதற்காகக் கல்லைப் போலி என்பீர்களா? உள்ளே இருக்கும் சிலிக்கன் அசல்தான். பெட்டியில் வைத்து, "எழுத்து மாற்றப்பட்டது" என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். கள்ளச் சிப்பைச் சேர்ப்பதும் ஒரு சேகரிப்புத்தான்.

கோட்டைவாசல்
கல்லை இதற்குள் இழுக்காதே தம்பி. அந்தக் கோட்டை வாசலில் இருக்கும் கல்லில் கயல் மீன் சின்னத்தையும் பழைய எழுத்தையும் யாரும் உரசி எடுக்கவில்லை. அதனால்தான் நீயும் நானும் இன்று அது எங்கிருந்து வந்ததென்று பேசுகிறோம். இங்கே நடந்தது அதன் மறுதலை. நேர்மையான ஒரு சீமொஸ் சிப்பின் சொந்தப் பெயரே போய்விட்டது. யார் செய்தது, எந்த வருடம் என்று இனி எதை வைத்துச் சொல்வாய்?

பழைய_இரும்பு
அது சரி. ஆனாலும் வீசுவதற்கு மனம் வராது.

உப்புவெளிக்காரன்
வீசவில்லை. படங்களையும் சோதனை முடிவையும் விற்றவருக்கு அனுப்பினேன். "சிப் ஓடுகிறதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "பிறகென்ன முறைப்பாடு?" என்கிறார்.

சீனன்குடா_மாணவி
மூன்று நாளைக்கு முன் நீங்கள் கேட்டதையே கேட்கிறார், அண்ணா.

உப்புவெளிக்காரன்
தெரிகிறது. ஏலத் தளத்தில் முறையீடு போட்டிருக்கிறேன்.

பழைய_இரும்பு
முறையீடு தோற்றால் சொல்லுங்கள், நிறைக்கு எடுக்கிறேன். பொன் முலாம் இருந்தால் 500 ரூபா வரை தரலாம்.